நீரிணையின் கீழ்ப்பாதி

அப்பா சென்ற மாதம் இறந்தார். இதய வால்வு. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பைலட் உரிமத்தை இழந்திருந்தார். அதைத்தான் எழுதுகிறேன்.

அவர் விமானம் ஓட்டியவர் அல்ல. குறுகலான கடல்வழியில் கப்பலேறி, கேப்டனுக்கு வழி சொல்பவர். எங்கள் நீரிணையை எந்தக் கப்பலும் யாரையும் கேட்காமல் கடக்கலாம் என்கிறது சர்வதேசச் சட்டம். இரு கரை அரசுகளும் அதை ஒப்புக்கொண்டன. ஆனால் பைலட் தங்கள் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று இரண்டுமே அடம்பிடித்தன. அதனால் ஒரே கப்பலில் இரண்டு பைலட்டுகள் ஏறினார்கள்.

"பாவம் கேப்டன், ரெண்டு மாமியார் இருக்கிற வீட்டுக்கு வாக்கப்பட்ட மாதிரி முழிக்கிறான்" என்பார் அப்பா.

அப்பாவும் எதிர்க்கரை பைலட்டும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நீரிணையின் மேல்பாதி எதிர்க்கரைக்காரருக்கு, கீழ்ப்பாதி அப்பாவுக்கு. ஒருவர் வழி சொல்லும்போது மற்றவர் டீ குடிப்பார். அந்த வசதியில் ஒரு பிழை இருந்தது. அடிமணல் ஒவ்வொரு புயலுக்கும் இடம் மாறும். வரைபடம் எப்போதும் பின்தங்கியே வரும். டீ குடித்தே இருவரும் மறுபாதியை மறந்தார்கள்.

பிறகு அரசுகளுக்குள் முறுக்கிக்கொண்டது. எதிர்க்கரை பைலட் இருக்கும் கப்பலில் நம்மவர் ஏறினால் பைலட் அனுப்பும் அவர்கள் உரிமையை நாம் ஏற்றதாகிவிடும். ஏறுபவரின் உரிமம் ரத்து என்று துறைமுக அலுவலகம் உத்தரவிட்டது.

அந்த வாரமே, நிறைசுமையோடு ஓர் எண்ணெய்க் கப்பல் மேல்பாதியைக் கடந்து வந்தது. உத்தரவு வந்தும் வழக்கம்போல் பைலட் படகில் காத்திருந்த அப்பாவை எதிர்க்கரைக்காரர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

"அண்ணே, ஏறலையா?"

"ஏறக்கூடாதாம்ப்பா."

"கீழ மணல் எந்தப் பக்கம் தள்ளியிருக்குன்னு சத்தியமா தெரியல. நீரோட்டம் இழுக்குது, நிறுத்தவும் முடியாது. இதுலயே சொல்லுங்களேன்."

"கண்ணால பாக்காம திருப்பச் சொன்னா நானே உன்னை மணல்ல ஏத்திடுவேன்."

படகோட்டி தயங்கினார். "சார், வேலை போயிடும்."

"எண்ணெய் கொட்டுச்சுன்னா ரெண்டு கரைக்கும் பொழப்பு போயிடும். ஏணிகிட்ட விடு."

ஏறினார். கப்பல் தரை தட்டாமல் கடந்தது.

விசாரணையில் துறைமுகத்தின் சட்ட அதிகாரி, "நம்ம வாதத்தையே பலவீனமாக்கிட்டீங்க சார்" என்றார். அப்பா மறுக்கவில்லை. அதிகாரி சொன்னது சரிதான். பைலட் உரிமை தங்களுடையது என்று சர்வதேசத் தீர்ப்பாயத்தில் எதிர்க்கரை அரசு தந்த மனுவை நான் படித்திருக்கிறேன். அந்தப் பயணமும் அதில் ஒரு சான்று. வழக்கு இன்னும் நடக்கிறது.

உரிமம் ரத்தான அன்று அம்மா கேட்டார்: "ஏறும்போது பிள்ளைங்க நெனப்பே வரலையா உங்களுக்கு?"

"கயித்தேணில அடுத்த படி நெனப்புதான் வரும்."

"பதிலுக்கு மட்டும் குறைச்சலில்ல."

எனக்குப் பொறியியல் படிப்பு முடிய இன்னும் ஓராண்டு இருந்தது. அடுத்த வாரம் அம்மா வேலை தேடிப் போனார்.