ஸ்ரெல்லா அக்காவும் பாசி பிடித்த தொட்டியும்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை, டோர்ட்மண்டில் நான் போகும் டயாலிசிஸ் நிலையத்தில், தாதி சபீனா ஊசியைக் கையில் எடுக்காமல் என் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காலை வேளையில் அங்கே தாதிமாருக்கு உட்கார நேரமே இருப்பதில்லை. பக்கத்துக் கதிரை திங்கட்கிழமைபோல் அன்றும் வெறுமையாக இருந்தது. அதில் இருக்கும் ஸ்ரெல்லா அக்காவுக்கு வேறொரு மருத்துவரிடம் டெர்மின் இருக்கும் என்று நினைத்திருந்தேன். “ஞாயிறு மத்தியானம், வீட்டில். இதயம் நின்றுவிட்டதாம்” என்று சபீனா ஜெர்மன் மொழியில் மெதுவாகச் சொன்னார். பிறகு ஊசியைப் போட்டார். இயந்திரம் ஓடத் தொடங்கியது. அந்த வெறும் கதிரைக்குப் பக்கத்தில், எழும்பிப் போகவும் முடியாமல், இரத்தம் சுத்தமாகும்வரை கிடந்தேன்.

ஸ்ரெல்லா அக்காவை உங்களில் பலர் தேவாலயத்தில் அறிந்திருப்பீர்கள். மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். பேக்கரியில் விடிய முன்னமே வேலைக்குப் போய் நெடுங்காலம் உழைத்தவர். பாடகர் குழுவில் எல்லோரையும்விட அரைக் கட்டை கூட்டிப் பாடுபவர். நான் சைவக்காரன், கோயிலுக்குப் போகிற ஆள்; அவர் பாடி நான் கேட்டதில்லை. நான் அறிந்தது திங்கள், புதன், வெள்ளிகளில் பக்கத்துக் கதிரையில் இருந்த அக்காவை. அவரைப் பற்றி, சில வருடங்களுக்கு முந்திய, உங்களுக்குத் தெரியாத ஒரு கோடைகாலத்தைச் சொல்லவேண்டும்.

நான் லொறி ஓட்டியவன். சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டதும் வேலை போயிற்று. கிழமைக்கு மூன்று நாள் இயந்திரம், மிச்ச நாட்களில் களைப்பு. குடிக்கும் தண்ணீருக்கும் அளவு, சாப்பிடும் வாழைப்பழத்துக்கும் தடை. முதல் மாதங்களில் அந்த அறையில் நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. அக்கா மட்டும் ஒவ்வொரு நாளும் “வந்திட்டீங்களோ தம்பி?” என்று கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான்.

காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அக்கா மருத்துவரிடம் அனுமதி கேட்டு, தன் வீட்டுத் தொட்டியிலிருந்து செடிகளும் இறால்களும் கொண்டுவந்து வைத்தது. கறிக்கு வாங்கும் இறால் அல்ல. நன்னீரில் வாழும், விரல்நகத்தைவிடச் சற்றே நீளமான, குங்குமச் சிவப்பு இறால்கள். ஓயாமல் இலைகளையும் கல்லையும் கொறித்துக்கொண்டிருக்கும். காத்திருப்பவர்கள் கைப்பேசியை வைத்துவிட்டு அவற்றைப் பார்ப்பார்கள்.

அந்தக் கோடையில் தொட்டிக்குப் பாசி பிடித்தது. முதலில் கண்ணாடி பச்சையாயிற்று. பிறகு தலைமயிர்போல் நீளமான நூல்பாசி வளர்ந்து செடிகளை மூடியது. இறால்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எங்கள் தலைமை மருத்துவர் கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். “இது நோயாளிகள் வரும் இடம். நான் விடுமுறை முடிந்து வரும்போதும் தொட்டி இப்படியே இருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எங்களோடு இருந்த க்ரூகர் என்ற ஜெர்மன்காரர், அடுத்த முறை வரும்போது பாசிகொல்லி மருந்து ஒரு போத்தல் வாங்கிவந்தார். நல்ல மனதோடுதான். அக்கா போத்தலை வாங்கி, பின்பக்கத்து எழுத்துகளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். வாசித்துவிட்டு, அறையில் எல்லோருக்கும் கேட்கத் தன் கதையைச் சொன்னார். முதன்முதல் தொட்டி வைத்தபோது அவரும் இதே மாதிரி, செம்பு கலந்த மருந்து ஒன்றை ஊற்றியிருக்கிறார். செம்பு இறாலுக்கு நஞ்சு என்று அப்போது தெரியாது. ஜெர்மன் மொழியில் சொல்லி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

“விடிய எழும்பிப் பாக்கிறன், தம்பி, தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. ஒரு பாசி இல்லை. ஒரு இறாலும் உயிரோட இல்லை.”

தன் பிழையை இவ்வளவு வெளிச்சமாகச் சொல்லும் ஆட்களை நான் அதிகம் கண்டதில்லை. க்ரூகர் போத்தலைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு முகம் கறுக்கவில்லை.

பாசி ஏன் வந்தது என்று அக்கா தேடத் தொடங்கினார். பின்னேரம் யன்னல் வெயில் தொட்டியில் நேரே விழுந்தது. துப்புரவு செய்பவர்கள் விளக்கை அணைக்காமல் போனார்கள். எல்லாவற்றிலும் பெரிய காரணம் நாங்கள். காத்திருக்கும் ஒவ்வொருவரும், வேறொருவரும் போட்டிருக்கமாட்டார் என்று எண்ணி, இறால்களுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டிருக்கிறோம். தின்று மிஞ்சியது அடியில் அழுகி, பாசிக்கு உரமாகியிருக்கிறது. அக்கா ஒருவரையும் ஏசவில்லை. “இண்டையில இருந்து இதுகளுக்கும் எங்களை மாதிரிப் பத்தியம்” என்றார். எங்கள் உடம்பில் பொஸ்பேற் என்ற உப்பு கூடினால் எலும்பும் இரத்தக்குழாயும் கெடும். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு சாப்பாட்டோடும் மாத்திரை விழுங்குகிறோம். மிஞ்சிய தீனியால் தொட்டியில் அதே பொஸ்பேற் கூடினால் பாசி வரும். அவர் இதைச் சொன்னபோது அறை முழுவதும் சிரித்தது. மாத்திரையை நினைத்து நாங்கள் சிரித்த முதல் நாள் அது.

தீனி நின்றது. யன்னல் பக்கத்துக்கு அட்டை மறைப்பு வந்தது. விளக்கு தானாக அணைய ஒரு கருவி பூட்டினார்கள். உரத்தைப் பாசிக்கு முன்னால் உறிஞ்சிக்கொள்ள, வேகமாக வளரும் மிதக்கும் செடிகளை அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டார். கிழமைக்கு ஒருமுறை கொஞ்சத் தண்ணீர் மட்டும் மாற்றவேண்டும். “எல்லாத்தையும் ஒரேயடியாக் கழுவினா இறாலுக்குத் தாங்க ஏலாது” என்பார். மிச்சம் இருந்தது, நூல்பாசியைக் கையால் எடுப்பது. அதை அவரால் செய்ய முடியாது. அவருக்கு மார்பில் குழாய் பதித்துத்தான் டயாலிசிஸ். கிருமி தொற்றிவிடும் என்று தொட்டித் தண்ணீரைத் தொடவே தாதிமார் விடவில்லை. எனக்கு ஊசி போடுவது இடக்கையில்.

“உங்கட வலக்கை சும்மாதானே இருக்கு, தம்பி. ஒரு பழைய பல்துலக்கி கொண்டுவாங்கோ.”

அப்படித்தான் நான் ஊசி போடும் நேரத்துக்கு முன்பே, வேளைக்கே போய், பல்துலக்கியைத் தண்ணீருக்குள் விட்டு, இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் சுற்றுவதுபோலப் பாசியைச் சுற்றி இழுத்தெடுக்கப் பழகினேன். எடுத்ததைக் கிண்ணத்தில் அலசி, சிக்கியிருக்கும் குட்டி இறால்களைத் திரும்ப விடவேண்டும். அக்கா பக்கத்தில் நின்று, “மெல்ல, மெல்ல. செடியை வேரோட இழுக்காதேங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

இனி நான் சொல்லப்போவது என் வீட்டாருக்கே பின்னர்தான் தெரிந்தது. அந்த நாட்களில் டயாலிசிசை நிறுத்திவிடுவது என்று எண்ணியிருந்தேன். நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை மருத்துவர்கள் ஒளிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்க, அக்காவிடம் சொன்னேன்.

“அக்கா, நான் வாற கிழமையில இருந்து வரமாட்டன்.”

அவர் விளங்கிக்கொண்டார்.

“வீட்டில சொல்லிப்போட்டீங்களோ?”

“இல்லை.”

“அப்ப நீங்கள் இன்னும் முடிவெடுக்கேல்லை.”

எனக்குக் கோபம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் விடவில்லை.

“திங்கள் ஆர் பாசி எடுக்கிறது?”

“என்னக்கா கதைக்கிறியள்? நான் என்ன சொல்லுறன், நீங்கள் பாசியைக் கேக்கிறியள்!”

“ஓம், பாசியைத்தான் கேக்கிறன். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு ஏலாது, தம்பி. நானும் இதே கதிரையில இருந்து அதையே யோசிச்சனான். ஆனா அந்தத் தண்ணிக்குள்ள என்னால கை வைக்க ஏலாது, உங்களால ஏலும். டொக்டர் வந்து பாக்குமட்டும் வாங்கோ. பிறகு வீட்டிலயும் சொல்லுங்கோ, எனக்கும் சொல்லுங்கோ. ஆறுதலாக் கதைப்பம்.”

திங்கள் போனேன். ஏன் போனேன் என்று அன்று கேட்டிருந்தால் பாசி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மருத்துவர் விடுமுறை முடிந்து வந்த நாளில் தண்ணீர் தெளிந்திருந்தது. செடிகளில் புதுத் தளிர் விட்டிருந்தது. ஆனால் பின்பக்கக் கண்ணாடி இன்னும் பச்சையாகவே இருந்தது. அவர் அதைத்தான் முதலில் சுட்டிக்காட்டினார். அக்கா அசையாமல், “அது வேண்டுமென்றே விட்டது, டொக்டர். பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு” என்றார். குஞ்சுகளா என்று மருத்துவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். வயிற்றின் கீழ் மஞ்சள் முட்டைகளைச் சுமந்த இறால் ஒன்று, முட்டைகளுக்கு நீரோட்டம் கிடைக்கத் தன் சின்னக் கால்களால் விசிறிக்கொண்டிருந்தது. அடுத்த நோயாளியின் பெயரை உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மருத்துவர் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது “இருக்கட்டும்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு ஆறுதலாகக் கதைப்பது நடக்கவே இல்லை. அக்காவும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. குஞ்சுகள் பொரித்தன. ஒன்றைக் கண்டுபிடிக்க நாங்கள் இருவரும் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றோம். வேலை பிறகும் இருந்தது. பாசி முற்றாகப் போவதில்லை. “அது இல்லாத தொட்டியை நம்பக்கூடாது” என்பார் அக்கா. நானும் இயந்திரத்தோடு வாழப் பழகிக்கொண்டேன். அந்த அறையில் சத்தமாகச் சிரிப்பவர்களில் நானும் ஒருவனானேன். சபீனா இரண்டு முறை எங்களை அடக்கியிருக்கிறார்.

சென்ற மாதம் அக்காவின் அடக்கம் முடிந்து, தேவாலய மண்டபத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அக்காவின் மகள் நிலானி என்னைத் தேடி வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார். அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தோம்.

“நீங்கள்தானே சிவம் மாமா?”

“ஓம் பிள்ளை.”

“நான் உங்களைச் சொந்தக்காரர் எண்டுதான் கனகாலம் நினைச்சிருந்தனான். அந்த வருசம் அம்மா டயாலிசிஸ் முடிஞ்சு எனக்குப் போன் எடுப்பா. தன்ர சுகம் சொல்லமாட்டா. முதல் சொல்லுறது, ‘சிவம் இண்டைக்கும் வந்தவர்.’ சொல்லிப்போட்டு அழுவா.”

கையிலிருந்த தேநீரைப் பக்கத்து மேசையில் வைத்தேன். பாசியைத்தான் கேட்கிறேன் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்ன அக்கா, ஒரு துளி கண்ணீரை எனக்குக் காட்டியதில்லை.

அந்தக் கோடைக்குப் பிறகு என் மகள் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து வேலைக்குப் போனாள். அவளுடைய கலியாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தேன். பேரன் பிறந்தபோது, ஊசி போடாத கையில்தான் முதலில் வாங்கினேன். என்னிடம் இருப்பவை இவை. இவற்றை எனக்குத் தந்தவர் ஸ்ரெல்லா அக்கா.