ஒன்பதாம் நாள் கல்சட்டி

தென்காசி கீழப்புலியூர் பேச்சித்தாயிடம் அவசரம் என்று யாரும் போய் நிற்க முடியாது. புதுக் கல்சட்டியைப் பழக்கிக் கொடுப்பது அவள் தொழில். நகம் பட்டாலே கீறல் விழும் மாக்கல்லில் கடைந்த சட்டி. வாங்கியதும் அடுப்பில் ஏற்றினால் வெடித்துவிடும். தினமும் சூடான வடிகஞ்சி ஊற்றி, விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவிப் பன்னிரண்டு நாள் வைத்திருப்பாள். குற்றாலச் சீசனுக்கு வந்த பெரிய மனிதர்கள் பதினோராம் நாள் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டாள். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

1938 ஆனியில் அவளே அதை மீற வேண்டியதாயிற்று. அடுத்த வீட்டுப் பார்வதியை ஆய்க்குடி மாமியார் முப்பிடாதியம்மாள் பிறந்த வீட்டுக்கே விரட்டிவிட்டிருந்தாள். கொதிக்கிற கல்சட்டியில் பார்வதி பச்சைத் தண்ணீரை ஊற்றி உடைத்துவிட்டாளாம். "அடுத்த வெள்ளிக்குள்ள வேற சட்டியில எங்கண்ணு முன்னால புளிக்குழம்பு வச்சுக் காட்டட்டும். இல்லன்னா அங்கனயே கெடக்கட்டும்" என்று ஆள் விட்டுச் சொன்னாள்.

வெள்ளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பேச்சித்தாய் ஒரு புதுச் சட்டியில் இரண்டு வேளையும் கஞ்சி ஊற்றினாள்.

"வெடிச்சிட்டுன்னா எங்கதி என்ன சித்தி?" என்று பார்வதி அழுதாள்.

"நானும் கூட வாரேன், வா."

வெள்ளியன்று ஆய்க்குடி அடுக்களையில் மாமியார் விறகை அள்ளித் திணித்திருந்தாள். பேச்சித்தாய் பாதியை வெளியே இழுத்துவிட்டு, பார்வதி புளி கரைத்து ஊற்றிய சட்டியைத் தணலில் வைத்தாள். எங்கேயாவது 'டிக்' என்று கேட்டுவிடுமோ என்று சட்டிப் பக்கமே காதை வைத்திருந்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. குழம்பு மெல்லக் கொதி கண்டது. பார்வதி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"தண்ணி பத்தாதுட்டி, கெட்டியாயிட்டுல்லா" என்றபடி முப்பிடாதியம்மாள் பச்சைத் தண்ணீர்ப் பானையில் செம்பை முக்கி எடுத்தாள். வஞ்சகம் ஒன்றுமில்லை, கைப்பழக்கம்தான். செம்பு சட்டிக்கு மேலே சாய்ந்தது.

பார்வதி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவில்லை.

"ஊத்தாதீய அத்தே. அன்னைக்கும் நீங்கதான் ஊத்துனிய."

பேச்சித்தாய் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதியம்மாள் செம்பையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். செம்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அந்த அடுப்புல வெந்நி போடுட்டி" என்றாள் மருமகளிடம், முகத்தைப் பார்க்காமல்.

பேச்சித்தாய் தனியாகத் தென்காசிக்குத் திரும்பினாள்.