தராசும் செவ்வந்தி மாலையும்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நுவரெலியாக் குதிரைப் பந்தயத்தில் முதலாவதாக வந்துவிட்டு, கப்பு இல்லாமல் வீடு திரும்பியவர். ஏன் கப்பு இல்லை என்று எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்: "எடை குறைஞ்சு போச்சு." எனக்கு அப்போது எட்டு வயது. பெரியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிற வயது.

எங்கள் தேயிலைத் தோட்டம் லுணுகலைக்கு மேலே, பஸ் திரும்ப இடமில்லாமல் பின்னுக்கே இறங்கிப் போகிற ரோட்டின் முடிவில் இருக்கிறது. மாமா ஆள் பொடிசு. பள்ளிக்கூடத்துப் படங்களில் எப்போதும் முன்வரிசையில் தரையில் உட்கார வைக்கப்பட்டவர். அவர் மலைக்கு வேலைக்குப் போன புதிதில், தேயிலைச் செடிக்கு நடுவில் ஆளைக் காணோம் என்று கங்காணி சத்தம் போட்டுத் தேடினாராம். இது அப்பா சொன்னது. அப்பா சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மாமா நுவரெலியாவுக்குப் போய், ஒரு பணக்கார ஐயாவின் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். சாணி அள்ளுவது, தேய்த்துக் குளிப்பாட்டுவது, விடிகாலைப் பனியில் நடத்திக் கூட்டிப்போவது. ஏறி ஓட்டிப் பழகலாம், ஆனால் பந்தயத்தில் ஓட்ட வேறு ஆள் இருந்தார்.

அந்த ஏப்ரலில் அந்த வேறு ஆள் கையை முறித்துக்கொண்டார். ஐயா மாமாவைக் கூப்பிட்டு, "இந்தப் பந்தயத்த நீ ஓட்டு. ஜெயிச்சா இனி நீதான் ஜாக்கி. இல்லாட்டி பழையபடி வாளியத் தூக்கு" என்று சொல்லிவிட்டாராம். மாமா இதை எங்களிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் கை மட்டும் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தது.

அதைச் சொல்லத்தான் பந்தயத்துக்கு முந்திய வாரம் வந்திருந்தார். தம்பி வந்திருக்கிறான் என்று அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தார். மாமா அரை ரொட்டியைப் பிய்த்து, குழம்பில் லேசாகத் தொட்டுத் தின்றுவிட்டு எழுந்தார்.

"என்னாடா, சாமிக்குப் படைச்ச மாதிரி பாத்துட்டு எந்திரிக்கிற?"

"எடை கூடிரும்க்கா."

பிறகு அப்பாவுக்கு விளக்கினார். "மடுவத்துல கொழுந்து நிறுக்கிறாங்கல்ல மச்சான், அந்த மாதிரி எங்களையும் சேணத்தோட நிறுப்பாங்க. ஓடுறதுக்கு முன்ன ஒருக்கா, ஓடி வந்த பொறகு ஒருக்கா. ரெண்டும் ஒத்துப் போகணும்."

"சாக்குக்கு எவ்வளவு கழிப்பானுக?" என்று அப்பா கேட்டார்.

பக்கத்து வீட்டிலிருந்துகூடச் சிரிப்புச் சத்தம் வந்தது. பெண்கள் நாள் முழுக்கப் பறித்துக்கொண்டு வந்த கொழுந்தை மடுவம் என்கிற கொட்டகையில் நிறுக்கும்போது, சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் எழுதுவார்கள். தராசு என்றால் தின்னுகிற ஒரு ஜந்து என்பது எங்கள் ஆட்களின் முடிவான கருத்து.

சிரிப்பு அடங்கியதும் மாமா ஒன்று சொன்னார். "ஒன்ன மட்டும் மறந்துறாதீங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும் நான் தராசுல ஏறி எறங்குற வரைக்கும் யாரும் என்னையத் தொடக்கூடாது. அது அங்க சட்டம். தொட்டா எல்லாம் போச்சு."

எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டியது நான். எனக்கு இந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி திருவிழா அன்று குளித்துவிட்டு வந்தபிறகு யாரும் அவரைத் தொடக்கூடாது. பூவைக்கூட விரல் படாமல்தான் கொடுக்க வேண்டும். பூ மட்டும் குற்றமில்லை. மாமாவும் தொடக்கூடாது என்றுதான் சொன்னார். பூவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பந்தயத்தன்று விடியுமுன் கிளம்பி, பதுளையில் பஸ் மாறி, வெலிமடை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். அம்மா செவ்வந்திப் பூவில் ஒரு மாலை கட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தார். எனக்கு மஞ்சள் கவுன், புத்தம் புதியது. மைதானத்தில் ஒரு பக்கம் தொப்பி போட்ட பெண்கள், இன்னொரு பக்கம் எங்களைப் போலக் கட்டுச்சோற்றோடு வந்தவர்கள். குதிரைகளை விடத் தொப்பிகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

அங்கேதான் ஒரு டிவி அக்கா எங்களைக் கண்டுபிடித்தார். தோட்டத்துப் பிள்ளை ஒருவர் முதல் தடவையாக ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, அவர் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தாராம். மைக்கை அம்மாவிடம் நீட்டி, "தம்பிய ரொம்பக் கஷ்டப்பட்டு வளர்த்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"கஷ்டமெல்லாம் இல்லீங்க. அவன் சாப்பிடவே மாட்டான்" என்றார் அம்மா.

"கொஞ்சம் கண்ணு கலங்கின மாதிரி சொல்லுங்கம்மா."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் எங்களை விட்டுப் போகவில்லை.

மாமா ஓட்டிய பெண்குதிரைக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. மாமா அதை ராசாத்தி என்றுதான் கூப்பிடுவார். கடைசி வளைவில் ராசாத்தியும் இன்னொரு சாம்பல் குதிரையும் மட்டும்தான் முன்னால் வந்தன. சாம்பல் குதிரையை ஓட்டியவர் பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, மாமாவின் கூட்டாளி. நாங்கள் பதுளை நானா என்று சொல்லுவோம். அம்மா என் தோளைப் பிடித்து நசுக்கினார். வலித்தது, ஆனால் நானும் கத்திக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. ராசாத்தி ஒரு தலை முன்னால் போய்க் கோட்டைத் தாண்டியது.

குதிரைகள் மூச்சு வாங்கிக்கொண்டு நடையாகத் திரும்பி வந்தன. அவை போகிற வழிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கயிறுதான். அப்பா அந்த நேரம் பந்தயம் முடிகிற கோட்டுப் பக்கம் ஓடியிருந்தார். டிவி அக்கா அம்மாவின் பையில் மாலையைப் பார்த்துவிட்டார்.

"மாலை வச்சிருக்கீங்களா! இப்பவே போடுங்க. குதிரை மேல இருக்கும்போதே போட்டாத்தான் படத்துல எடுப்பா இருக்கும்."

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் தோட்டத்தில் காவடி எடுத்து வருகிறவருக்கு, காவடி தோளில் இருக்கும்போதே மாலை போட்டுவிட வேண்டும். இறக்கி வைத்தபிறகு போடுவது மரியாதை இல்லை. கொழும்பிலிருந்து வந்த அக்காவுக்கும் அது தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அம்மா, "தராசு... இருங்க, அவன் என்னமோ சொன்னான்" என்று தொடங்கினார். அதற்குள் கேமராக்காரருக்கு உதவியாக வந்தவர் மாலையை என் கையில் கொடுத்து, என்னைத் தூக்கிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உயர்த்திவிட்டார்.

எனக்கு ஞாபகம் இருப்பது இதுதான். ராசாத்தி நேராக என்னிடம் வந்தது. அதன் மேலெல்லாம் ஆவி பறந்தது. மாமா குனிந்தார், நன்றாகக் குனிந்தார். நான் அவர் தலைமுடியில்கூட விரல் படாமல், பூசாரிக்குப் போடுவதுபோல மாலையைப் போட்டேன். சட்டத்தை ஒழுங்காகக் காப்பாற்றினேன் என்ற பெருமை எனக்கு. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மாமா உள்ளே போனார். பதுளை நானாவும் போனார். ஒலிபெருக்கி சிங்களத்திலும் இங்கிலீஷிலும் ஏதோ சொன்னது. கூட்டம் "ஓ" என்றது. பலகையில் முதலாவதாக இருந்த மாமாவின் நம்பரை எடுத்துவிட்டு நானாவின் நம்பரை மாட்டினார்கள்.

உள்ளே நானா, "நான் முறைப்பாடு குடுக்கல்ல சேர். முன்னுக்கு வந்தது அவன்தான், எனக்கு இந்தக் கப்பு வேணாம்" என்று நின்றிருக்கிறார். முறைப்பாடே தேவையில்லை, நாட்டுக்கே டிவியில் தெரிந்துவிட்டது, சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டார்களாம். இதெல்லாம் அப்பா வெகுகாலத்துக்குப் பிறகு யாரிடமோ பேசும்போது என் காதில் விழுந்தது. எதற்கு முறைப்பாடு என்பது மட்டும் விழவில்லை. கப்போடு வெளியே வந்த நானாவிடம் டிவி அக்கா மைக்கை நீட்டினார். "என்னக் கேக்க வேணாம், அவனக் கேளுங்க" என்று அவர் மாமாவைக் காட்டினார். கேமரா அணைந்துவிட்டது.

நான் அழ ஆரம்பித்தேன். ஏன் மாமாவுக்குக் கப்பு இல்லை என்று கேட்டுக் கேட்டு அழுதேன். அம்மா அப்பாவைப் பார்த்தார், அப்பா மாமாவைப் பார்த்தார், மாமா தன் பூட்ஸைப் பார்த்தார். நானாதான் கப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் முன்னால் குந்தினார்.

"எட கொறஞ்சி போச்சு மகள். ஒங்கட மாமா ஒழுங்கா தின்னல்லதானே, அதான்."

திடீரென்று அம்மா மாமாவின் மேல் பாய்ந்தார். "அன்னைக்கே சொன்னேன்ல! கோழிக்குழம்பு வச்சா அரை ரொட்டியத் தின்னுட்டு எந்திரிச்சியே! இப்ப பாரு!" அம்மா அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது, அந்த அக்கா கேட்டபோது வராத தண்ணீர். மாமா, "ஆமாக்கா, என் தப்புதான்" என்றார். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது வரவேற்கத் தப்பு மேளம் அடிக்கிறவர்கள்கூட வந்திருந்தார்கள். ஆனால் தப்பு சும்மா கிடந்தது. எல்லாரும் டிவியில் பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எந்த வீட்டு டிவியும் வேலை செய்யவில்லை. ஒரு வீட்டில் அன்டெனாவைக் காற்று சாய்த்திருந்தது, அடுத்த வீட்டில் வயரை எலி கடித்திருந்தது, அதற்கடுத்த வீட்டில் நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கரண்ட் போனது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது கொதிக்கும் முன்னரே ஊருக்குத் தெரிகிற இடம் அது. அங்கே ஒருவர்கூட என்னிடம் வாய் தவறவில்லை. பக்கத்து வீட்டு அத்தை மட்டும் என்னை மடியில் வைத்துத் தலை வாரிக்கொண்டே, "தராசுக்காரனுக கையில சிக்குனா அப்படித்தான் பாப்பா. நம்ம கொழுந்தயே கழிக்கிறவனுக, ஒங்க மாமாவ விடுவானுகளா?" என்றார். அதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

மாமா மறுபடி வாளியைத் தூக்கினார். ஒரு வருஷம் கழித்து அதையும் விட்டுவிட்டு வந்து, எல்ல என்கிற ஊரில் வெள்ளைக்காரர்களைச் சுற்றிக் காட்டும் த்ரீவீல் ஓட்ட ஆரம்பித்தார். அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சோறு போடுவது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். போதும் போதும் என்று அவர் சொல்லும்போது, "எடை குறையக்கூடாது மாமா" என்று இன்னொரு அகப்பை வைப்பேன். அரை ரொட்டியோடு எழுந்த மனிதர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றார். இப்போது த்ரீவீலின் ஹேண்டிலுக்கும் வயிற்றுக்கும் இடையில் காற்றுப் போக வழியில்லை.

போன மாதம், பதுளையில் நான் வேலை செய்யும் இடத்தில், கூட வேலை செய்யும் பெண் எனக்கு போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். 'மாலை வாங்கி மண்ணைக் கவ்விய ஜாக்கி' என்று தலைப்பு. கீழே நூற்றுக்கணக்கானவர்கள் சிரித்திருந்தார்கள். தராசுக்கு முன்னால் எதையும் வாங்கக்கூடாது என்பதுகூடவா அந்த மடையனுக்குத் தெரியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் சிரிக்கத் தயாராகத்தான் பார்த்தேன். மஞ்சள் கவுன் வந்தது.

ராசாத்தி நேராக என்னிடம் வரவில்லை. என்னைக் கண்டதும் மாமா கையைக் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார். குதிரையை ஒதுக்கி என்னைத் தாண்டியும் போய்விடுகிறார். அந்தரத்தில் மாலையைத் தூக்கிப் பிடித்தபடி நான் நிற்கிறேன். என் உதடு பிதுங்குகிறது, கேமரா அதைப் பக்கத்தில் போய்ப் பிடிக்கிறது. மாமா திரும்பிப் பார்க்கிறார். தராசு இருக்கும் அறையின் கதவையும் ஒரு தரம் பார்க்கிறார். பிறகு கடிவாளத்தை இழுத்து, ராசாத்தியைத் திருப்பிக்கொண்டு என்னிடம் வருகிறார்.

ஆபீஸில் எல்லாரும் பார்க்க அழுதேன். காரணம் கேட்டவர்களுக்குத் தலைவலி என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, வழக்கமான வார்த்தை வாயில் வராமல் அகப்பையோடு நின்றேன். வீடியோவைப் பார்த்தேன் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஒரு லயமே சேர்ந்து காத்த பொய்யை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

"என்னா புள்ள நிக்கிற? போடு, எடை குறைஞ்சிரப் போகுது" என்றார் மாமா.

எடைப் பேச்சு வரும்போது அவர் ஒரு நாளும் என் முகத்தைப் பார்த்ததில்லை, தட்டைத்தான் பார்ப்பார். எட்டு வயதில் நான் அதைச் சோற்று ஆசை என்று நினைத்திருந்தேன்.