பேஸ்மென்ட் கழிவறையும் நம்ம ஆட்களும்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் நியூ ஜெர்சியில் நம்மவர்கள் முதலில் பேச்சை மாற்றுவார்கள். வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட்டில் ஒரு கழிவறை கட்டலாம் என்று முடிவு செய்த அன்று அவர்களே போன் பண்ணுவார்கள்.

நான் லைசென்ஸ் வாங்கிய பிளம்பர். கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் பம்ப்புகளை ஓடவிட்டுச் சோதிக்கிற பிரிவில் இருந்தேன். கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் பம்ப் என்னை விடவில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் தங்குவதற்கு பேஸ்மென்ட்டில் ஓர் அறையும் கழிவறையும் வேண்டும் என்று இங்கே எல்லோருக்கும் ஆசை. தெருவுக்கடியில் போகிற சாக்கடைக் குழாயோ பெரும்பாலும் பேஸ்மென்ட் தரையைவிட உயரத்தில் இருக்கும். அதனால் கான்கிரீட்டை உடைத்து, இடுப்பளவு ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்து, அதற்குள் ஒரு பம்ப்பை இறக்க வேண்டும். கழிவு தொட்டியில் சேரும், பம்ப் அதை மேலே தள்ளும். தொட்டியின் மூடி காற்றுப் புகாமல் இறுகியிருக்க வேண்டும். உள்ளே சேருகிற வாயு வெளியேற ஒரு குழாய் கூரை வரைக்கும் போக வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவுதானை வைத்துக்கொண்டு நான் படுகிற பாட்டை, அடுத்தவர் வீட்டில் முட்டி போட்டு வேலை பார்த்த யாராக இருந்தாலும் புரிந்துகொள்வார்கள்.

பக்கத்து வீட்டுப் பூச்செடி

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ரமேஷ் என்று ஒருவர். "பேஸ்மென்ட் மோட்டார் அடிக்கடி நின்னு போகுது, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால் அது கழிவுத் தொட்டியே இல்லை. இங்கே பல வீடுகளில் மழைத் தண்ணீர் ஊறி வருவதற்கென்று பேஸ்மென்ட் மூலையில் ஒரு குழி இருக்கும். அதில் இருக்கும் சின்ன மோட்டார் தண்ணீரைத் தோட்டத்தில் கொண்டுபோய் விடும். லைசென்ஸ் இல்லாத சில்லறை வேலைக்காரர் ஒருவரைப் பிடித்து, புதுக் கழிவறையை அந்த மழைத் தண்ணீர்க் குழியில் இணைத்து வைத்திருந்தார் மனிதர். "மழைத் தண்ணியும் தண்ணி, இதுவும் தண்ணி. ரெண்டுக்கும் எதுக்குங்க தனித்தனியா குழி?" என்று என்னையே கேட்டார்.

நான் வெளியே போய் அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று பார்த்தேன். வேலியோரம் முடிந்தது. தரை அங்கிருந்து பக்கத்து வீட்டுப் பக்கம் சரிந்திருந்தது. அந்த வீட்டுக் குழந்தை அந்த ஈர மண்ணில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கரண்டியால் தோண்டிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டி, அதன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, குழந்தையை உள்ளே அழைத்துக்கொண்டு கை கால் கழுவிவிடச் சொன்னேன். திரும்பி வந்து, "இந்தக் கழிவறையை இந்த நிமிஷத்திலிருந்து யாரும் தொடக் கூடாது. டவுன் ஆபீஸுக்கு நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா" என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாக வேலியை எட்டிப் பார்த்தார். போனை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது: "அவங்க ரோஜா இந்த வருஷம் எப்படிப் பூத்துச்சு பாத்தீங்களா? அதுக்கு ஒரு தேங்க்ஸ்கூட சொல்லாத ஆளு, இப்ப மட்டும் சண்டைக்கு வருவாரு."

ஈசான்ய மூலை

இன்னொரு வீட்டில் குழி தோண்டுகிற இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுவிட்டு எழுந்தேன். வீட்டம்மா வித்யா போனை நீட்டினார். வீடியோவில் சென்னையிலிருந்து ஒரு வாஸ்து நிபுணர். "ஈசான்ய மூலையில மலக்குழி வெச்சா குடும்பம் விளங்காது, தள்ளி வைக்கச் சொல்லுங்க" என்கிறார். வீட்டின் கழிவுக் குழாய் வெளியேறுவதே அந்த வடகிழக்கு மூலை வழியாகத்தான். எதிர் மூலையில் வைத்தால் பேஸ்மென்ட் முழுக்கத் தரையை உடைத்துக் குழாய் போட வேண்டும், வழியில் வீட்டைத் தாங்குகிற தூணின் அஸ்திவாரம் வேறு இருக்கிறது. அதைத் தோண்டினால் எந்த மூலையில் எந்தக் கடவுள் இருந்தாலும் வீடு உட்காரும்.

இதையெல்லாம் போனில் அவரிடம் விளக்கினேன். நான் கட்டடம் தாங்காது என்றால் அவர் ஜாதகம் தாங்காது என்றார். கான்கிரீட் உடைக்கிற என் கூட்டாளி லூயிஸ், கொலம்பியாக்காரர், மெஷினைக் கீழே வைத்துவிட்டு ஒரு சாண்ட்விச்சைச் சாப்பிட்டு முடித்தார். வித்யா பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான், "சார், நீங்க சொல்ற இடத்துல வெக்கறேன். வீடு இறங்கினா பொறுப்பு நீங்கன்னு இவங்ககிட்ட இப்பவே சொல்லிடுங்க" என்றேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "குழி அங்கேயே இருக்கட்டும்மா. ஸ்விட்சை மட்டும் வாயு மூலையில வெச்சிடுங்க, தோஷம் கழிஞ்சிடும்."

தாளம் தப்பிய அலாரம்

எடிசன் என்ற ஊர்ப் பக்கம் ஒரு டீச்சர் பேஸ்மென்ட்டில் பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்கிறார். தொட்டியில் அளவுக்கு மேல் கழிவு ஏறினால் கத்துவதற்கு ஒரு அலாரம் வைப்போம். ஒரு சனிக்கிழமை வகுப்பில் அது கத்த ஆரம்பித்திருக்கிறது. அடவுக்குத் தட்டுகிற தாளத்தோடு அது சேரவில்லை என்று டீச்சர் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். மறுவாரம் வகுப்பு நடக்கும்போதே ஷவர் தரையிலிருந்து எல்லாம் பொங்கி மரத்தரைக்கு வந்துவிட்டது. சலங்கை கட்டிய பிள்ளைகளை மாடிக்கு ஓட்டிவிட்டு எனக்குப் போன் பண்ணினார்கள். பம்ப்பை அடைத்துக்கொண்டிருந்தது, கழிவறையில் போடலாம் என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்களே, அந்த ஈரத்துணி. அதைத் தயாரிக்கிறவர்களை ஒருநாள் என்னோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அதைவிடப் பயங்கரம் வேறு. லூயிஸும் நானும் படியிறங்கும்போது டீச்சரின் கணவர் கார்த்திக் தொட்டி மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பாதம் நனையத் தண்ணீரில் நின்றுகொண்டு, பம்ப்பை அதன் வயரைப் பிடித்தே வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். வயர் எக்ஸ்டென்ஷனில் செருகியபடியே இருக்கிறது. ஷாக் அடித்தால் தானாக அணைகிற பிளக்கில் நான் மாட்டிவிட்டுப் போனது. அது அடிக்கடி அணைகிறது என்று அவராகவே மாற்றிக்கொண்டார். அது அணைந்ததே வயரில் பழுது இருந்ததால்தான். லூயிஸ் படியில் நின்றபடியே நாட்டியத்துக்கு வைத்திருந்த ரப்பர் விரிப்பைச் சுருட்டி, சுவரோரம் உயரத்தில் இருந்த எக்ஸ்டென்ஷன் பிளக்கைத் தட்டிவிட்டார். அது கழன்று விழுந்தது. கார்த்திக் ஒன்றும் நடக்காதது மாதிரி, "ரெண்டு நிமிஷ வேலைதானே, நானே எடுத்துடலாம்னு பாத்தேன்" என்றார். திரும்பி வரும்போது வண்டி சிக்னலில் நின்றதும் லூயிஸ் கேட்டார்: "உங்க ஊர்க்காரங்க ஒரு ஈமெயில் பாக்கறதுக்கு ரெண்டு பாஸ்வேர்டு போடறாங்க. கரண்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு பிளக்கைப் பிடுங்க மாட்டாங்களா?"

செட் டம்ளர்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு வீட்டில் புதுத் தொட்டி வேலை. அழுக்கான வேலையே அல்ல, கழிவு இன்னும் ஒரு சொட்டு விழாத தொட்டி. வீட்டுக்காரப் பெண்ணின் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். காலையில் எலக்ட்ரீஷியனுக்கு, அவர் வெள்ளைக்காரர், எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. டைல்ஸ் போடுகிறவருக்கும் அப்படியே. மாமியார் என்னிடம் வந்து, "உங்களுக்குச் சொந்த ஊர் எதும்மா? கோயம்புத்தூர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன வேலை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கே போகிற கேள்வி என்று நமக்குத் தெரியாதா? நான் ஊரை மட்டும் சொன்னேன். எனக்கு காபி காகிதக் கப்பில் வந்தது.

மத்தியானம் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தண்ணீர் கேட்டதும் கையில் கிடைத்த டம்ளரில் பிடித்துக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கழுவி சமையலறையில் வைத்தேன். சாயங்காலம் கராஜ் வழியாகச் சாமான்களை ஏற்றும்போது பார்க்கிறேன், குப்பைத் தொட்டியில் வாழைப்பழத்தோலுக்கு மேலே அதே டம்ளர். எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போய், மருமகள் உட்கார்ந்திருந்த மேசையில் வைத்தேன். "இது தவறி விழுந்திருக்கு போல" என்றேன். அந்தப் பெண் முகம் சிவந்து மாமியாரைப் பார்த்தாள். பேத்தி, "பாட்டி, ஒய் வுட் யூ த்ரோ தட்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் என்னைப் பார்த்து, மிகவும் பிரியமாகத்தான், சொன்னார்: "கோவிச்சுக்காதேம்மா, நீயே எடுத்துட்டுப் போயிடு. இங்க செட்டோட வெச்சா எனக்கு எது எதுன்னு தெரியாமப் போயிடும்."

திரைக்குப் பின்னால்

பிரவீன் என்பவர் வீட்டுத் தொட்டி நானே வைத்தது. கூரை வரைக்கும் குழாய் ஏற்றி, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டு, அதன் பிறகுதான் சுவரை மூடினோம். மறுவருஷம் குளிர்காலத்தில் அவர் மனைவி போன் பண்ணினார். "பேஸ்மென்ட்ல ஏதோ ஸ்மெல் வருதுக்கா. ரூம் ஸ்ப்ரே போட்டாலும் போக மாட்டேங்குது. அத்தையும் மாமாவும் கீழதான் தங்கியிருக்காங்க." கழுத்தில் வாயு அளக்கிற மீட்டரை மாட்டிக்கொண்டுதான் எப்போதும் இறங்குவேன். அன்றைக்குப் பாதிப் படி இறங்குவதற்குள் அது கத்தியது. கீழே பெரியவர் கட்டிலில் படுத்திருக்கிறார். பெரியம்மா நாற்றம் போக சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கிறார், கனல் கணகணவென்று தெரிகிறது; அந்த வாயுவோ தீப்பிடிக்கக்கூடியது. எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள் என்று சொல்லி, அந்தச் சாம்பிராணித் தட்டை முதலில் தோட்டத்துப் பனியில் கவிழ்த்துவிட்டு, இரண்டு பேரையும் கைத்தாங்கலாக மேலே ஏற்றி, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். பெரியவர் எடை எதுவும் இல்லாமல் என் தோளில் சாய்ந்து வந்தார்.

காற்று சரியான பிறகு லூயிஸும் நானும் இறங்கித் தேடினோம். தொட்டியில் குறை இல்லை. பக்கத்து அறையில் பிரவீன் ஒரு ஹோம் தியேட்டர் போட்டிருந்தார். திரை சுவரோடு சமமாக உட்காரவில்லை என்று, அதைப் போட வந்தவர்கள் கூரைக்குப் போகிற என் குழாயை நடுவில் அறுத்துவிட்டு மேலே பலகை அடித்திருந்தார்கள். அறுத்த வாய் சுவருக்குள்ளேயே திறந்திருந்தது. அந்தச் சுவரின் அந்தப்பக்கம்தான் பெற்றோர் தலைவைத்துப் படுக்கிற கட்டில். "ஒரு காலி பைப்தானேக்கா, தண்ணிகூட ஓடாதுன்னு சொன்னாங்க" என்றார் பிரவீன். அதில் ஓட வேண்டியது தண்ணீர் இல்லை, உங்கள் அப்பா அம்மா சுவாசித்துக்கொண்டிருந்த வாயு என்றேன். குரலை அடக்க என்னால் முடியவில்லை, அடக்கவும் நினைக்கவில்லை. அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவருக்குத் தினமும் காலையில் தலைவலியும் குமட்டலும் இருந்திருக்கிறது. பிரஷர் என்று மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றே இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நல்லவேளையாக ஒன்றும் நிலைக்கிற பாதிப்பு இல்லை.

திரையைக் கழற்றி, குழாயைச் சேர்த்து, மறுபடி இன்ஸ்பெக்டரை வரவழைத்து முடித்தோம். கடைசி நாள் மீட்டரை எல்லா மூலையிலும் காட்டிவிட்டு மேலே வந்தேன். பெரியவர் வெயில் விழுகிற ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திண்டுக்கல்லில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், மூக்கை நம்பியே மல்லியும் மிளகும் வாங்கி விற்றவர். "இத்தனை நாள் உங்களுக்கு அந்த நாத்தம் தெரியலையா பெரியப்பா?" என்று கேட்டேன். மகன் அடுத்த அறையில் இருக்கிறானா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வந்த மறுநாளே தெரிஞ்சுதும்மா. ஆசையாக் கட்டிக் குடுத்த ரூம்ல நாறுதுன்னு எப்படிச் சொல்றது?"

மொத்தத்தில், இந்தத் தொழிலில் நான் சொன்ன பேச்சைக் கேட்டு, நான் காட்டிய வழியில் போவது கழிவுநீர் ஒன்றுதான்.