நாச்சிமுத்துவின் மூச்சுக் கேஸ்

கல்லில் நார் உரிப்பது உங்களுக்குப் பழமொழி. எங்கள் வக்கீல் ஆபீசில் அது தினசரி அலுவல். ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் மில்லில் கல்லை இடித்து நிஜமாகவே நார் உரித்தவர்கள், நெஞ்சு கெட்டுப்போய் எங்களிடம் வருவார்கள். அவர்களுக்காக நாங்கள் முதலாளியிடம் நஷ்டஈடு உரிக்க வேண்டும். சர்க்கார் காகிதம் ஒன்றுக்காக மூன்று ஜன்னல் மாறி நின்று, நாலாவது ஜன்னலில் "சாப்பாட்டு நேரம்" என்று கேட்டுத் திரும்பிய புண்ணியவான்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் சேலத்தில் வக்கீல் அருளப்பனிடம் நான் குமாஸ்தா. ஞாயிறு பூசைக்கும் வாய்தாவுக்கும் ஒருநாளும் தவறாத மனிதர் அவர்.

சட்டத்துக்குத் தெரியும்

நாச்சிமுத்து திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். வயது நாற்பது, நடை அறுபது. சங்ககிரி ரோட்டில் ஒரு கல்நார் மில்லில் கல் இடிக்கும் இயந்திரத்தடியில் பதினோரு வருஷம் நின்றவர். மில்லின் பெயர் வேண்டாம். முதலாளியின் பேரப்பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறவர்கள், இதையும் படித்துவிடுவார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மில் அவரை நிறுத்திவிட்டது. காசநோய் என்று ஊரில் ஒரு வருஷம் ஊசி போட்டார்கள். கடைசியில் சேலத்தில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர்தான், உள்ளே உட்கார்ந்திருப்பது கிருமியல்ல, கல்நார்த் தூசி என்று எழுதிக் கொடுத்தார்.

மனைவி பாவாயியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் நான் ஒரு பத்திரமே நகல் எடுத்து முடித்துவிட்டேன். வக்கீல் தடிப் புத்தகத்தைப் புரட்டி, தொழில் நோய்ப் பட்டியலில் விரலை வைத்து, "இதோ, உங்க நோய் சட்டத்திலேயே இருக்குதே" என்றார். எழுத்துத் தெரியாத நாச்சிமுத்து அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சட்டத்துக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. எங்கிட்டத்தான் ஒருத்தரும் சொல்லலீங்க."

மூன்றாவது வெள்ளைக்காரர்

மில்லின் முதல் பதில், "நாச்சிமுத்து என்று எங்களிடம் யாரும் வேலை பார்த்ததே இல்லை." சம்பளப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லைதான். மேஸ்திரியின் பெயரைப் போட்டு, "ஆட்கள் பன்னிரண்டு" என்று மொத்தமாக எழுதியிருந்தார்கள். வக்கீல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது பாவாயி மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். முதலாளி புது இயந்திரம் வாங்கிய அன்று, வேலைக்கு நடுவே ஆட்களை வாசலுக்குக் கூப்பிட்டு நிறுத்தி எடுத்த படம். மேலே மில்லின் பெயர்ப்பலகை. நடுவில் நாற்காலியில் முதலாளி. சுற்றிலும் மாவில் புரட்டி எடுத்தது போலப் பன்னிரண்டு பேர். புருவம்கூட வெள்ளை.

விசாரணையில் மில் வக்கீல் சிரித்துக்கொண்டே, "இதில் நீ யாரப்பா?" என்று கேட்டார்.

"சோத்தாங்கைப் பக்கத்துல இருந்து மூணாவதா நிக்கற வெள்ளைக்காரன் நானுங்க."

கேஸை விசாரித்த நஷ்டஈட்டுக் கமிஷனருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், அதை எப்படி நம்புவது என்று கேட்டார். நாச்சிமுத்து இடது கையை உயர்த்தினார். ஆறு விரல். கமிஷனர் போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"எண்ணிப் பாருங்க சாமி. தூசி மேல படிஞ்சுதே தவிர வெரலைத் திங்கலீங்க."

ஒரு முழத் துணி

சரி, வேலை பார்த்தார் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மூக்கில் கட்ட மில் துணி கொடுத்தது, அவர் கட்டவில்லை, எனவே குற்றம் அவருடையது என்றார்கள். அதுவரை மில்லில் இல்லவே இல்லாத ஆள் துணி வாங்கியதற்குக் கைநாட்டு வேறு இருந்தது.

"துணி வாங்கினாயா?" என்றார் மில் வக்கீல்.

"வாங்குனேனுங்க. வருசத்துக்கு ஒரு முழம்."

"மூக்கில் கட்டினாயா, இல்லையா?"

நாச்சிமுத்து பாவாயி பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேட்டி நைஞ்சு போயிருந்த நேரமுங்க. ஒரு முழத்துல மூக்கை மறைக்கறதுங்களா, மானத்தை மறைக்கறதுங்களா?"

தூசியே இல்லாத மில்

அடுத்து மில் தரப்புச் சாட்சியாக மேஸ்திரி கருப்பண்ணன் கூண்டேறினார். மில்லுக்குள் தூசியே கிடையாது, கோயில் மாதிரி இருக்கும் என்று சொல்ல வந்தவர். "தூசி" என்று ஆரம்பித்தார், இருமல் வந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி இருமல். நான் போய்த் தண்ணீர் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு ஒருவழியாகச் சொல்லி முடித்தார். எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணையே செய்யவில்லை. "நான் கேட்க நினைத்ததை அவரே சொல்லிவிட்டார்" என்று உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் எங்கள் ஆபீஸ் வாசலில் அதே மேஸ்திரி. கக்கத்தில் எக்ஸ்ரே உறை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னய்யா இது என்று கேட்டேன்.

"போன வாரம் சொன்ன சாட்சி மில்லுக்குங்க. இந்த இருமல் என்னுதுங்க."

மலை ஏறியவர்

எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது அடுத்த வாய்தாதான். வைகாசித் திருவிழாவில் நாச்சிமுத்துவைத் திருச்செங்கோட்டு மலைமேல் பார்த்ததாக மில் ஓர் ஆளைக் கொண்டுவந்தது. அத்தனை படி ஏறுகிறவருக்கு மூச்சில் என்ன கோளாறு? வக்கீல் என்னைப் பார்த்தார். இதை நாச்சிமுத்து எங்களிடம் சொல்லவே இல்லை. கேஸ் போனது என்றே நினைத்தேன்.

"மலை ஏறினாயா?" என்றார் கமிஷனர்.

"ஏறுனேனுங்க. மூச்சைத் திருப்பிக் குடுன்னு கேக்கப் போனேன். விடியக்காத்தால படியில கால் வெச்சேனுங்க. நாலு படிக்கு ஒருக்கா உக்காந்து உக்காந்து நான் மேல போய்ச் சேர நடை சாத்திட்டாங்க. சாமியப் பாக்காமத்தானுங்க எறங்குனேன்."

மில் வக்கீல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். கமிஷனர் சாட்சியைப் பார்த்து, "ஏறும்போது பார்த்தீரா, உட்கார்ந்திருக்கும்போது பார்த்தீரா?" என்றார்.

"உக்காந்திருக்கறப்பத்தானுங்க."

நூற்றுக்கு முப்பது

மிச்சமிருந்தது டாக்டர் சர்ட்டிபிகேட் மட்டும். உழைக்கும் சக்தியில் நூற்றுக்கு முப்பது போய்விட்டது என்று எழுதியிருந்தது. நான் தமிழில் விளக்கிச் சொன்னேன். அதுவரை வாய் திறக்காத பாவாயி எழுந்து கமிஷனரைக் கும்பிட்டார்.

"அப்ப மீதி எழுவது எங்கீங்க இருக்குது? ஊட்டுல தேடிப் பாத்துட்டேன். ஒரு கொடம் தண்ணி தூக்கக்கூட அது வர மாட்டேங்குதுங்க."

கமிஷனர் பேனாவைக் கீழே வைத்தார். மறுபரிசோதனைக்கு உத்தரவு போட்டார். புது சர்ட்டிபிகேட்டில் முப்பது எழுபதாகிவிட்டது. தீர்ப்பு எங்கள் பக்கம். மேல் கோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்டிய மில், போகாமலே கட்டிவிட்டது. பாவாயி இரண்டு எருமை வாங்கினார். ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அவர் பால் கறக்க, நாச்சிமுத்து கட்டிலில் சாய்ந்தபடி எருமைகளை அதட்டிக்கொண்டிருந்தார், அதுவும் பாதி மூச்சில். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கேஸ் முடிஞ்சு போச்சுங்க. மூச்சுத்தான் இன்னும் வாய்தா வாய்தாவா வருது."

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். செய்தி சொல்ல வந்த பாவாயி, மேஸ்திரியின் கேஸ் எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

நோய் வருவதற்கு மூச்சு விட்டால் போதும், வந்துவிட்டதென்று ருசுப்படுத்தத்தான் நல்ல திடகாத்திரமான உடம்பு வேண்டியிருக்கிறது.