மேல் வீட்டிலிருந்து வந்த குரல்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. என் அம்மாவிடமே பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

என் பெயர் எழில்மதி. ஊர் வடக்கனந்தல். கல்வராயன் மலைக் கிராமங்களில் வயதானவர்களுக்கு பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை. போன ஐப்பசியில் வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊருக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஜீப் மட்டும் ஏறுகிற மண் ரோடு. போனில் சிக்னல் கிடையாது. சரிவில் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளி ஏழெட்டு வீடுகள். இளவட்டங்கள் எல்லாம் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அறுபது வயதுக்காரர்தான் அங்கே சின்னப்பிள்ளை. சாமை விதைக்கிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள், இருட்டியதும் களி தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். குழந்தை அழுகிற சத்தம் இல்லாத ஊரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மழையில் ரோடு வழுக்கியதால் என்னைக் கூட்டிப்போக வேண்டிய ஜீப் வரவில்லை. தனியாக இருக்கும் குஞ்சம்மாள் வீட்டில் தங்கினேன். எழுபது தாண்டிய மனுஷி.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருப்பதை அவர்தான் சொன்னார். விளக்கு வைக்கிற நேரத்தில் மேல் வீட்டிலிருந்து ஒருவர் "இருக்கியா?" என்று குரல் கொடுப்பார். அடுத்த வீட்டுக்காரர் "இருக்கறேன்" என்று பதில் சொல்லிவிட்டு, தனக்குக் கீழே இருக்கும் வீட்டைக் கூப்பிட வேண்டும். இப்படியே கடைசி வீடு வரைக்கும் போகும். எந்த வீட்டில் பதில் வரவில்லையோ, அங்கே எல்லோரும் ஓடுவார்கள்.

"பாதிக்கு மேல தனிக்கட்டைங்க. செத்தமா கெடக்கறமான்னு வேற ஆரு வந்து பாக்கப் போறா?" என்று சிரித்தார்.

மேல் வீட்டு சின்னக்கண்ணு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருப்பதால், ரெண்டு நாளாகத் தானே குரல் கொடுப்பதாகவும் சொன்னார்.

ஐந்தரை மணி இருக்கும். ஒரு ஆடு திரும்பவில்லை என்று ஓடைப் பக்கம் போனார். மூடுபனி இறங்கிவிட்டது. ஆறரை ஆகியும் ஆள் வரவில்லை.

6:40.

"குஞ்சம்மா... இருக்கியா?"

ஆண் குரல். மேல் வீட்டுப் பக்கமிருந்து. சின்னக்கண்ணு ஊர் திரும்பிவிட்டார் போல என்று நினைத்தேன். ஜீப்பே ஏறாத அன்று அவர் எப்படி வந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில் சொல்லாவிட்டால் ஊரே இங்கே வந்துவிடும். வந்தால் ஆளுக்கு ஒரு கையை நீட்டி, பிரஷர் பார் என்பார்கள். எனக்கோ கால் வலி. குஞ்சம்மாள்தான் இப்போது வந்துவிடுவாரே... குரலைக் கரகரவென்று மாற்றிக்கொண்டு, "இருக்கறேன்" என்றேன். கீழ் வீட்டைப் பார்த்து, "மாயவா, இருக்கியா?" என்றும் கத்தினேன். மாயவன் பதில் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"குஞ்சம்மா... இருக்கியா?"

மறுபடியும். இப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து.

"இருக்கறேன்."

சத்தம் நின்றது. ஓட்டிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டியது. சொட்... சொட்...

காலடிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த குரல் வாசலில் கேட்டது.

"நீ குஞ்சம்மா இல்ல."

தாழ்ப்பாளைப் போட்டேன்.

"குஞ்சம்மா ஓடையில கெடக்குது. வா பாப்பா."

மிரட்டுகிற குரல் இல்லை. கெஞ்சியது.

கதவிடுக்கில் பார்த்தேன். பல்பு வெளிச்சம் வாசல் முழுக்க விழுந்திருந்தது.

யாரும் இல்லை.

"வா பாப்பா..."

போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டேன்.

7:05. டக். டக்.

"பாப்பா, கதவத் தொற. நான் சாலம்மாள், மாயவன் பொண்டாட்டி. குஞ்சம்மா ஓடையில வுழுந்து கெடக்குதாம். நீயும் வா."

நான் திறக்கவில்லை. இதுவும் அதுதான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் நின்றார்கள். போய்விட்டார்கள்.

எட்டேகால் இருக்கும். வாசலில் முனகல். "தண்ணி..." குஞ்சம்மாளின் குரல்.

திறந்தேன்.

மாயவனும் சாலம்மாளும் அவரைக் கம்பளியில் கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். ரெண்டு பேருக்கும் எழுபதுக்கு மேல். முட்டி வரை சேறு. சாலம்மாளின் காலில் ரத்தம். குஞ்சம்மாளுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இருபத்தி நாலு வயதுக்காரி நான் போர்வைக்குள் கிடந்திருக்கிறேன்.

யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ சாப்டியா?" என்று மட்டும் சாலம்மாள் கேட்டார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சின்னக்கண்ணு அண்ணன் ஓடையிலிருந்து கத்திக் கூப்பிட்டதாக மாயவன் சொன்னார். போனபோது அவரைக் காணவில்லையாம். முன்னாடியே வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

காலையில் மழை விட்டது. ஏழு மணிக்கு ஜீப் வந்தது.

அதில் சின்னக்கண்ணுவின் உடல் இருந்தது. முந்தைய நாள் மதியம் ஒரு மணிக்கே ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்றான் கூட வந்த மகன். மாயவன் மேல் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். கதவில் பூட்டு தொங்கியது.

அதே ஜீப்பில் குஞ்சம்மாளைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போனேன். அவர் தலை என் மடியில். பாதி வழியில் தாங்க முடியவில்லை. உங்கள் குரலில் பதில் சொன்னது நான்தான் என்று சொல்லி அழுதேன்.

"தெரியும் பாப்பா. மாயவன் வர்ற வரைக்கும் சின்னக்கண்ணு அண்ணன் எங்கூடத்தான் குந்தினு இருந்திச்சு. அந்தப் பொண்ணு பயந்துக்கினு கெடக்குது, ஒண்ணும் சொல்லாதீங்கன்னு சொல்லிச்சு."

சின்னக்கண்ணுவை நான் உயிரோடு பார்த்ததே இல்லை. அன்று காலை உடலை இறக்கி வைத்ததும், ஒரு தரம் முகத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி சாலம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

அதற்கும் நான் போகவில்லை.