எட்டே கால் பஸ்

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரின் முன் மேஜையில் பதினான்கு வருஷம் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களின் பெயரை எழுதுவது, வரிசைப்படி உள்ளே அனுப்புவது, "தண்ணி நல்லா குடிச்சீங்களா, ஒண்ணுக்கு முட்டுதா" என்று கூச்சமில்லாமல் கேட்பது, பயந்துபோய் வந்தவர்களிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பது. இவ்வளவுதான் என் வேலை. சென்டரைத் தொடங்கிய டாக்டருக்கு வயதாகிவிட, ஒரு பெரிய கம்பெனிக்கு அதைக் கைமாற்றிவிட்டார். புதிதாக வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். மேஜை இருந்த இடத்தில் ஒரு தொடுதிரை வரப்போகிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போதும், கம்ப்யூட்டர் படித்த சின்ன வயதுப் பிள்ளையாக இருந்தால் நல்லது என்றார்கள். அந்த மாசக் கடைசியோடு நின்றுகொண்டேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வண்ணார்பேட்டையில் ஒரு மோட்டார் கடையில் இருக்கிறார். "விடு, பாத்துக்கிடலாம்" என்றார். காலேஜ் போகும் மகள், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்றாள். இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் அவர்கள் இருவரும் கிளம்பிப் போன பிறகு அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எட்டு மணிக்கெல்லாம் தலைவாரிப் பூவும் வைத்துவிட்டு அடுக்களையில் நின்றுகொண்டிருப்பேன். கை தானாகவே டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவும். பிறகு அதைத் துடைத்து மறுபடியும் அலமாரியில் வைக்கும்.

நான் தினமும் போனது தச்சநல்லூரிலிருந்து ஜங்ஷன் வழியாகப் பாளையங்கோட்டை போகும் எட்டே கால் டவுன் பஸ். மூன்று பேர் உட்காரும் சீட்டில் எப்போதும் நாங்கள் மூன்று பேர். சன்னலோரம் கோர்ட்டு அக்கா. கோர்ட்டில் குமாஸ்தா வேலை, ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருந்தது. நடுவில் மிஸ். ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள், தச்சநல்லூரிலேயே ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண். ஓரத்தில் நான். பஸ்ஸில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பார்க்கிற வேலைதான் பெயர். என் பெயர் 'ஸ்கேன் அக்கா'. ஸ்கேன் சென்டரே எனக்கு இல்லை என்றான பிறகு நான் யாருக்கு என்ன அக்கா என்று நினைத்தபோதுதான் முதன்முதலாக அழுதேன். அதன் பிறகு பஸ் பக்கமே போகவில்லை. காய்கறி வாங்கக்கூட ஸ்டாப் இருக்கும் தெருவை விட்டுவிட்டுப் பின் தெரு வழியாகச் சுற்றிப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் அந்த இரண்டு பேரும் நிற்கிறார்கள். தை மாசம். மிஸ்ஸின் கையில் அவித்த பனங்கிழங்கு ஒரு பை நிறைய.

"ஏட்டி, ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்றபடியே கோர்ட்டு அக்கா உள்ளே வந்தாள். "ரெண்டு வாரமா ஒன் எடத்துல பைய வச்சுப் புடிச்சுக்கிட்டு வாரோம். இன்னைக்கு வருவா, நாளைக்கு வருவான்னு. கண்டக்டரு அண்ணாச்சிதான் சொன்னாவ, நீ இந்தத் தெருவுலேருந்து வாறவன்னு. நாலு வீட்டுல கேட்டுல்லா வாரோம்."

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். பிறகு சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும், வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததெல்லாம் வந்துவிட்டது. கடைசி நாளன்று மேஜையைத் தூக்கிக்கொண்டு போனதை நான் நின்று பார்த்தது, புதிதாக வந்த பிள்ளைக்கு நானே வேலை சொல்லிக் கொடுத்தது எல்லாம். கோர்ட்டு அக்கா கிழங்கைத் தோலுரித்து, இரண்டாகக் கிழித்து, நாரை எடுத்துவிட்டு என் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நீ ஏன்ளா அழுத?" என்றாள் கோர்ட்டு அக்கா.

"எங்க வீட்லயும் அதுதான் பெரியக்கா," என்றாள் மிஸ். "அவுகளுக்கும் வேலை இல்ல. சவூதியில அந்தக் கம்பெனியவே மூடிட்டாவ. லீவுல வந்திருக்காவன்னு ஒங்ககிட்ட சொன்னது பொய்யி. நாலு மாசமாச்சு. வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குக்கூடப் போக மாட்டேங்காவ. எப்பத் திரும்பப் போறீங்கன்னு எல்லாரும் கேப்பாங்கன்னு சொல்லுதாவ."

நாலு மாசம். தினமும் முக்கால் மணி நேரம் என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து வந்தவள். எனக்குத் தெரியவே தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கைவிரலிலும் பனங்கிழங்கு மாவு ஒட்டியிருந்தது.

கிளம்பும்போது கோர்ட்டு அக்கா, "நாளைக்கு எட்டே காலுக்கு வந்துரு" என்றாள்.

"எங்கக்கா போக? எனக்குத்தான் வேலை இல்லியே."

"வேலைக்குப் போறவதான் பஸ்ஸுல ஏறணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நானும் முப்பது வருசமா கோர்ட்டுல இருக்கேன், பாத்ததில்ல. பொம்பளையாளுக்கு டிக்கெட்டும் கிடையாது. எங்கள எறக்கி விட்டுட்டு அதே பஸ்ஸுல திரும்பி வா."

வீட்டுக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "போயிட்டு வா" என்றார்.

போனேன். கண்டக்டர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பாளையங்கோட்டையில் அவர்கள் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். திரும்புகிற பயணத்துக்கு இன்னொரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆனால் அதற்குப் பிறகு மிச்ச நாளைக் கடத்துவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

இப்படி இரண்டு வாரம் போயிருக்கும். ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது எல்லாரும் தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எட்டிப் பார்ப்போம். கோர்ட்டு அக்கா மட்டும், சன்னலோரம் இருந்துகொண்டே, "தண்ணி போகுதா?" என்று எங்களைக் கேட்பாள். இரண்டு மூன்று வருஷமாக இப்படிக் கேட்கிறாள், அது பேச்சுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு ஆறு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் கேட்டாள்.

"அக்கா, ஒங்களுக்குத் தெரியலியா?"

இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்யச் சொல்லி ஒரு வருஷமாகிறது. அக்காவின் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். அவனுக்கு லீவு கிடைக்கட்டும், கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறாள். பைலை மூக்குக்கு நேரே வைத்துப் படித்து வேலையை ஓட்டியிருக்கிறாள்.

"நான் வாரேன்க்கா. எனக்குத்தான் லீவோ லீவு," என்றேன். வேலை போனதை வைத்து நான் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

ஆபரேஷன் முடிந்து பஸ்ஸில் வரக்கூடாது, தூசி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். மிஸ்தான் தயங்கித் தயங்கி, தன் வீட்டுக்காரர் சவூதியில் பதினெட்டு வருஷம் டிரைவராக இருந்தவர், கொழுந்தனின் பழைய வேன் ஒன்று வாசலில் நிற்கிறது, ஆனால் தான் கேட்டால் வரமாட்டார் என்றாள். அன்று சாயங்காலமே நான் போய்க் கேட்டேன். அவர் டி.வி.யைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"அண்ணே, எனக்கும் வேலை போயிட்டு," என்றேன்.

நின்றார். நான் ஸ்கேன் சென்டர் கதையைச் சொன்னேன். நின்றபடியே முழுவதையும் கேட்டார். கடைசியில், "மேசையையும் தூக்கிட்டாவளா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா. கோர்ட்டு அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நீங்க வண்டி எடுப்பீங்களா?"

"அங்கன வலது பக்கம் ஓட்டிப் பழகிட்டேம்மா. இங்கன எடது பக்கம். கை மாறி மாறி வருது."

"பைய போனாப் போதும்ணே. ஒரு அவசரமும் கிடையாது."

பைய என்றால் அப்படி ஒரு பைய. ஆபரேஷன் அன்றைக்கு வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் 'பிஸ்மில்லா' என்று சொல்லி, "எடது, எடது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின் சீட்டில் கோர்ட்டு அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். எந்தப் பயம் கூடுதல், கண்ணுக்கா ரோட்டுக்கா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒன்றும் புதிதில்லை. எந்தச் சீட்டை எங்கே கொடுக்க வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். பக்கத்தில் பயந்துபோய் உட்கார்ந்திருந்த இரண்டு வயதானவர்களிடமும் வழக்கம்போலப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த நர்ஸ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். கோர்ட்டு அக்கா கண்ணைக் கொட்டிக் கொட்டி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று நானும் நெகிழ்ந்துபோய் நின்றேன்.

"ஏட்டி, ஒனக்கு இவ்வளவு நரைச்சிருக்கே. நல்ல கறுப்பு முடின்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

நர்ஸும் சேர்ந்து சிரித்தாள். அப்படிச் சிரித்து எனக்கு இரண்டு மாசம் ஆகியிருந்தது.

ஒரு வாரம் அக்கா வீட்டில் இருந்து சொட்டு மருந்து விட்டேன். மத்தியானச் சாப்பாட்டை மிஸ் காலையிலேயே செய்துவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். அவள் வீட்டுக்காரர் அதைத் தூக்குச்சட்டியில் கொண்டுவருவார். முதல் நாள் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் உள்ளே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பாலைவனத்தில் மணற்காற்றுக்குள் வண்டி ஓட்டியதைப் பற்றி அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசினார். வெள்ளிக்கிழமை சாப்பாடு கொஞ்சம் தாமதமாக வந்தது. ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வந்தேன் என்றார். அவர் போன பிறகு அக்கா, "இந்த வீட்டுல ஆள் பேச்சுச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு" என்றாள். கட்டிலில் படுத்தபடி, கண்ணை மூடிக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.

எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வேலை கேட்டு நான் ஏறி இறங்கிய இடங்களில் பாதிப்பேர் வயதைக் கேட்டதோடு சரி. ஆனால் பஸ்ஸில் விஷயம் பரவி, "எங்க மாமியாருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் கூட வாரீங்களாக்கா" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். போய்வருவேன். கத்தரிக்காயோ, ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுப்பதோ, மகளுக்குப் பழைய பாடப்புத்தகமோ, ஏதாவது ஒன்று வீடு தேடி வரும். சிலரிடமிருந்து ஒன்றும் வராது. அவர்களும் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பார்கள். கண் ஆஸ்பத்திரிக்கே நான்கைந்து தடவை போயிருப்பேன். ஒருநாள் அந்த நர்ஸ், "நீங்க இங்கயே வந்து உக்காந்துரலாமே" என்றாள். முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இப்போது காலை முதல் மத்தியானம் வரை அங்கே இருக்கிறேன். பழைய வேலை அளவுக்கு இல்லை, ஆனால் வேலைதான். மிஸ்ஸின் வீட்டுக்காரர் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறார். வலது இடது குழப்பம் போய்விட்டது. வேகம் மட்டும் கூடவில்லை. அதனாலேயே தாய்மார்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அடுத்த கண்ணும் ஆபரேஷன் முடிந்த பிறகு, திருச்செந்தூருக்கு நேர்ந்திருந்ததாகக் கோர்ட்டு அக்கா சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வேனில் நான்கு பேரும் போனோம். நாங்கள் இருவரும் சாமி கும்பிட்டுவிட்டு வரும்வரை மிஸ்ஸும் அவள் வீட்டுக்காரரும் கடற்கரையில் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லாருமாக மணலில் உட்கார்ந்தோம்.

"அங்கன ஒரு வள்ளம் தெரியுது பாரு," என்றாள் அக்கா. "அதுல ரெண்டு பேரு நிக்காவ. ஒருத்தரு செகப்புச் சட்ட."

மிஸ் ஆமாம் என்றாள். அவள் வீட்டுக்காரரும் தலையாட்டினார். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். படகைக் காணோம், கடல்தான் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலியேக்கா."

அக்கா என் பக்கம் திரும்பி, என் முகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கண் ஆஸ்பத்திரியிலதான் இருக்கே, ஒன் கண்ணக் காட்டத் தோணலியே ஒனக்கு," என்றாள். "வார திங்கக்கெழம நான் லீவு போடுதேன். ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்."

"நான் வண்டி எடுக்கேன்," என்றார் மிஸ்ஸின் வீட்டுக்காரர்.